கிரிப்டோவைத் தடுக்க ரிசர்வ் வங்கியால் முடியுமா?

குமுளி எல்லை கற்றுத்தந்த பாடமும் போடி ஏல அரங்கு காட்டும் வழியும்

கம்பத்தில் கிளம்பிய பஸ் கூடலூரையும் லோயர் கேம்ப்பையும் தாண்டி, மலைப்பாதையில் வளைந்து வளைந்து ஏறுகிறது. குமுளியில் தமிழக எல்லைக்குள்ளேயே பஸ் நின்றுவிடும். இறங்கிச் சில அடிகள் நடந்தால் கேரளம். அங்கே கண்ணில் படுவது லாட்டரிக் கடைகள்தான். பலகையில் கிளிப் மாட்டி வரிசையாகத் தொங்கும் சீட்டுகள், நேற்றைய குலுக்கல் முடிவை ஒட்டிய தாள், அதை விரலால் தடவித் தடவி எண் பார்க்கும் ஆட்கள். வாங்குபவர்களில் பலர் மலைக்குக் கீழிருந்து வந்தவர்கள். சீட்டை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அடுத்த பஸ்ஸில் கம்பத்துக்கு இறங்கிவிடுகிறார்கள்.

தமிழ்நாட்டில் லாட்டரிக்குத் தடை வந்தது 2003 ஜனவரியில். கேரள அரசோ 1967 முதல் தானே லாட்டரி நடத்துகிறது. ஒரே ரோடு, இந்தப் பக்கம் குற்றம், அந்தப் பக்கம் அரசாங்க வருமானம்.

தடை என்றால் என்ன, அது எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதைக் கம்பம் பள்ளத்தாக்குக்காரர்களுக்கு யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை. தடை வீணாகப் போகவில்லை. தெருமுனையில் இருந்த கடை போனது. கூலி வாங்கிய கையோடு சீட்டு வாங்கிய பழக்கம் பல வீடுகளில் ஒழிந்தது. அதே தடைக்கு இன்னொரு விளைவும் உண்டு. கேரளக் குலுக்கலின் கடைசி மூன்று எண்ணை வைத்துத் துண்டுச்சீட்டில் பந்தயம் கட்டும் ‘மூணு நம்பர் லாட்டரி’ முளைத்தது. அதில் அச்சடித்த சீட்டு கிடையாது, ரசீது கிடையாது. எண் விழுந்தும் பணம் வராவிட்டால் யாரிடமும் போய்ச் சொல்ல முடியாது.

இன்று அதே கேள்வி, பிட்காயின் போன்ற டிஜிட்டல் காயின்களான கிரிப்டோவைப் பற்றி எழுந்திருக்கிறது. ரிசர்வ் வங்கி அதைத் தடை செய்ய வேண்டும் என்று பல ஆண்டுகளாகச் சொல்கிறது. ஒருமுறை தடுத்தும் பார்த்தது. லாட்டரிக்கு எல்லை இருபது கிலோமீட்டர் தள்ளி, ஒரு மலைக்கு மேலே இருந்தது. கிரிப்டோவுக்கு எல்லை போனுக்குள்ளேயே இருக்கிறது. அப்படியிருக்க, ஒரு நாட்டின் மத்திய வங்கி அதை நிஜமாகவே நிறுத்திவிட முடியுமா?

மின்ட் ரோட்டிலிருந்து வந்த சுற்றறிக்கை

2013 டிசம்பர் 24-ல் ரிசர்வ் வங்கி முதன்முதலாக எச்சரித்தது. 2017 பிப்ரவரியில் மறுபடியும், அதே ஆண்டு டிசம்பரில் இன்னொரு முறையும் எச்சரித்தது. செய்திக்குறிப்பாக வந்த எச்சரிக்கைகள் ஊர் வரைக்கும் வந்து சேரவில்லை. இடைப்பட்ட காலத்தில்தான் ‘கெயின்பிட்காயின்’ என்ற திட்டம், மாதம் 10 சதவிகிதம் வீதம் 18 மாதங்களுக்குத் தருவதாகச் சொல்லி நாடு முழுக்க ஆட்களைச் சேர்த்தது. அதை நடத்திய அமித் பரத்வாஜ் 2018-ல் கைதானார்.

அதே 2018-ன் ஏப்ரல் 6-ம் தேதி, மும்பை மின்ட் ரோட்டிலுள்ள தலைமையகத்திலிருந்து அந்தச் சுற்றறிக்கை வந்தது. கிரிப்டோ வாங்கும், விற்கும் யாருக்கும் வங்கிகள் எந்தச் சேவையும் தரக் கூடாது. ஏற்கெனவே தருபவர்கள் மூன்று மாதத்துக்குள் நிறுத்த வேண்டும் என்றது அது.

ஒரு விஷயத்தை இங்கே கவனிக்க வேண்டும். பிட்காயின் வைத்திருப்பது குற்றம் என்று ரிசர்வ் வங்கி சொல்லவில்லை; அப்படிச் சொல்ல அதற்கு அதிகாரமும் இல்லை. அதன் பிடியில் இருப்பவை வங்கிகள். எனவே ரூபாய் கிரிப்டோவாக மாறும் இடத்தையும், கிரிப்டோ மறுபடி ரூபாயாகும் இடத்தையும் அது அடைத்தது.

பெட்டி: தேதிகளில் கதை

• 2013 டிசம்பர்: ரிசர்வ் வங்கியின் முதல் எச்சரிக்கை.
• 2018 ஏப்ரல் 6: வங்கிச் சேவைக்குத் தடை.
• 2019 ஜூலை: கிரிப்டோ குறித்து மத்திய அரசு அமைத்த சுபாஷ் சந்திர கர்க் குழுவின் அறிக்கை வெளியானது. முழுத் தடையும் 10 ஆண்டு வரை சிறையும் பரிந்துரைத்த மசோதா வரைவு அதனுடன் வந்தது.
• 2020 மார்ச் 4: சுற்றறிக்கையை ரத்து செய்தது உச்ச நீதிமன்றம்.
• 2022 பிப்ரவரி 1: லாபத்துக்கு 30 சதவிகித வரி; விற்பனைக்கு 1 சதவிகித டி.டி.எஸ். அறிவிப்பு.
• 2022 டிசம்பர் 1: பொதுமக்களுக்கான டிஜிட்டல் ரூபாய் சோதனை தொடக்கம்.
• 2023 மார்ச் 7: கிரிப்டோ நிறுவனங்கள் பணமோசடித் தடுப்புச் சட்டத்துக்குள் வந்தன.
• 2024 ஜனவரி: பதிவு செய்யாத வெளிநாட்டு எக்ஸ்சேஞ்சுகளின் (கிரிப்டோ வாங்கி விற்கும் சந்தைகளின்) ஆப்கள் முடக்கம்.

கடை மூடியது, வியாபாரம் மூடவில்லை

சுற்றறிக்கை வேலை செய்தது. 2018 செப்டம்பரில் ‘ஜெப்பே’ எக்ஸ்சேஞ்ச் இந்திய வர்த்தகத்தை நிறுத்தியது. 2019 ஜூனில் ‘கோயினெக்ஸ்’ மூடியது. 2018 அக்டோபரில் பெங்களூரு மால் ஒன்றில் ஏ.டி.எம். போன்ற இயந்திரம் வைத்த ‘யுனோகாயின்’ நிறுவனர்கள் கைது செய்யப்பட்டார்கள். புதிதாக வர நினைத்த சாதாரண ஆள் பயந்து ஒதுங்கினார். லாட்டரித் தடை போலவே இந்தத் தடைக்கும் இப்படி ஒரு நல்ல பக்கம் இருந்ததை மறுக்க வேண்டியதில்லை.

உள்ளே இருந்தவர்களோ வெளியேறவில்லை. எக்ஸ்சேஞ்சின் வங்கிக் கணக்கு மூடப்பட்டதும் ‘பி2பி’ முறை வளர்ந்தது. வாங்குபவரும் விற்பவரும் நேரடியாகப் பணத்தை மாற்றிக்கொள்வார்கள். நடுவில் இருக்கும் ஆப் காயினை மட்டும் பிடித்து வைத்திருக்கும். வங்கியின் கண்ணுக்கு இது ஒரு ஆள் இன்னொரு ஆளுக்கு அனுப்பிய பணம், அவ்வளவுதான். கடனைத் திருப்புவதற்கும் பால் பணம் கொடுப்பதற்கும் காயின் வாங்குவதற்கும் ஸ்டேட்மென்ட்டில் வித்தியாசம் தெரியாது. ஆக, ரிசர்வ் வங்கி பார்க்கக்கூடிய இடத்தில் நடந்த வர்த்தகம், அது பார்க்க முடியாத இடத்துக்குப் போனது.

நாட்டுக்கு இது புதிய அனுபவமும் அல்ல. மொரார்ஜி தேசாய் நிதி அமைச்சராக இருந்தபோது, 1963 ஜனவரியில் தங்கக் கட்டுப்பாடு வந்தது. 14 காரட்டுக்கு மேல் சுத்தமான புதிய நகை செய்யக் கூடாது என்றார்கள். பொற்கொல்லர்கள் பிழைப்பிழந்தார்கள், கடத்தல்காரர்கள் கொழித்தார்கள். 1968-ல் தனிச் சட்டமே வந்தும் தங்கத்தின் மீதான ஆசை ஒரு குன்றிமணிகூடக் குறையவில்லை. 1990-ல் அந்தச் சட்டத்தை அரசே திரும்பப் பெற்றது.

தீர்ப்பு சொன்னது என்ன?

சுற்றறிக்கையை எதிர்த்து இந்திய இணையம் மற்றும் மொபைல் சங்கம் உச்ச நீதிமன்றம் போனது. ரோஹின்டன் நாரிமன், அனிருத்தா போஸ், வி.ராமசுப்பிரமணியன் ஆகிய மூன்று நீதிபதிகள் விசாரித்தார்கள். 2020 மார்ச் 4-ல் வந்த தீர்ப்பை எழுதியவர், சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்த ராமசுப்பிரமணியன்.

‘ரிசர்வ் வங்கி தோற்றது’ என்று அன்று தலைப்புகள் வந்தன. தீர்ப்பை நிதானமாகப் படித்தால் சேதி அது மட்டுமல்ல. ரிசர்வ் வங்கிக்கு இதில் தலையிட அதிகாரம் உண்டு, ஆபத்து வரும் முன்பே தடுக்கும் உரிமையும் உண்டு என்று நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. ஆனால் எடுத்த நடவடிக்கை ஆபத்தின் அளவுக்குப் பொருந்த வேண்டும். கிரிப்டோ வர்த்தகத்தால் தன் மேற்பார்வையிலுள்ள எந்த வங்கிக்காவது நஷ்டம் வந்ததாக ரிசர்வ் வங்கி காட்டவில்லை. கிரிப்டோ தடை செய்யப்படவில்லை என்று தானே சொல்லிக்கொண்டு, அந்தத் தொழிலின் மூச்சுக்குழாயை மட்டும் அடைப்பது, தொழில் செய்யும் அடிப்படை உரிமைக்கு முன்னால் நிற்காது. இதுதான் தீர்ப்பின் சாரம்.

இதில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. முழுத் தடை வேண்டுமென்றால் அதற்கு வழி நாடாளுமன்றச் சட்டம். வங்கிச் சுற்றறிக்கை அல்ல. அந்தச் சட்டம் இன்றுவரை வரவில்லை. 2019 வரைவும் 2021-ல் பட்டியலிடப்பட்ட மசோதாவும் அவையில் அறிமுகமாகவே இல்லை.

தீர்ப்புக்குப் பிறகும் தயக்கம் தீரவில்லை. ரத்தான சுற்றறிக்கையையே காட்டிச் சில வங்கிகள் வாடிக்கையாளர்களை எச்சரித்தன. அப்படிச் செய்யாதீர்கள் என்று 2021 மே 31-ல் ரிசர்வ் வங்கியே சொல்ல வேண்டியதாயிற்று. 2022 ஏப்ரலில் அமெரிக்காவின் ‘காயின்பேஸ்’ யு.பி.ஐ. வசதியோடு இந்தியாவில் இறங்கியது. சில நாள்களில் அந்த வசதியை நிறுத்தியது. ரிசர்வ் வங்கியின் மறைமுக அழுத்தமே காரணம் என்று அதன் தலைவர் பிரையன் ஆம்ஸ்ட்ராங் பின்னர் சொன்னார். எழுத்தில் தடை கிடையாது. நடைமுறையில் முழு அனுமதியும் கிடையாது.

சட்டம் இல்லை, வரி உண்டு

2022 பட்ஜெட்டில் நிர்மலா சீதாராமன் 30 சதவிகித வரியை அறிவித்தார். வரி போடுவதால் கிரிப்டோ சட்டபூர்வமாகிவிடாது என்றும் நாடாளுமன்றத்தில் விளக்கினார். அந்த விளக்கம் எத்தனை பேர் காதில் விழுந்தது? ஆள் சேர்க்க வருகிறவர், ‘அண்ணே, கவர்மென்டே வரி வாங்குது, இதுல என்ன தப்பு?’ என்றுதான் பேச்சை ஆரம்பிக்கிறார். கேட்பவருக்கு அது நியாயமாகத்தான் படும்.

2022-23 நிதியாண்டில் இந்த வகையில் அரசுக்கு வந்த வரி 269 கோடி ரூபாய். அடுத்த ஆண்டு 437 கோடி. வரி கட்டியவர்கள் நேர்மையாகக் கணக்குக் காட்டியவர்கள். அவர்கள் ஏமாற்றப்பட்டால் கேட்க ஒரு தனி அமைப்பு உண்டா? பங்குச் சந்தைக்கு செபி இருக்கிறது. காப்பீட்டுக்கு ஐ.ஆர்.டி.ஏ.ஐ. இருக்கிறது. வங்கிப் புகாருக்கு ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர் இருக்கிறார். கிரிப்டோவுக்கு அப்படி யாரும் இல்லை.

பெட்டி: ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்

ஒருவர் ஒரு காயினில் 50,000 ரூபாய் லாபம் பார்க்கிறார். இன்னொரு காயினில் 50,000 ரூபாய் இழக்கிறார். மொத்தத்தில் கையில் லாபமே இல்லை. ஆனாலும் வரி உண்டு.

• லாபம் 50,000-க்கு 30 சதவிகிதம்: 15,000 ரூபாய்.
• அதன் மேல் 4 சதவிகித செஸ்: 600 ரூபாய்.
• கட்ட வேண்டியது: 15,600 ரூபாய்.

ஒரு காயினின் நஷ்டத்தை இன்னொரு காயினின் லாபத்தில் கழிக்க முடியாது. அடுத்த ஆண்டுக்கும் கொண்டுபோக முடியாது. போதாக்குறைக்கு, வரம்புக்கு மேல் விற்கும்போது லாபமோ நஷ்டமோ விற்ற தொகையில் 1 சதவிகிதம் டி.டி.எஸ். பிடிக்கப்படும். அதை வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்துதான் சரிக்கட்ட வேண்டும்.

முடங்கும் கணக்குகள்

இந்தக் கலவையான நிலைமை சிறு நகரத்தில் என்ன செய்கிறது என்பதை ஒரு பி2பி வியாபாரத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தால் புரியும்.

சின்னமனூரில் மொபைல் கடை வைத்திருக்கும் ஒரு இளைஞர் என்று வைத்துக்கொள்வோம். டாலருக்கு நிகராக மதிப்பு வைத்திருக்கும் யு.எஸ்.டி.டி. காயின் கொஞ்சம் கையில் இருக்கிறது. ஆப்பில் விற்பனைக்குப் போடுகிறார். பேர் தெரியாத ஒருவர் ‘பை’ அழுத்துகிறார். காயின் ஆப்பின் பிடியில் நிற்கிறது. பதினைந்து நிமிடக் கெடு ஓடுகிறது. சாட்டில் ஒரு வரி வருகிறது: ரிமார்க்ஸ் பகுதியில் கிரிப்டோ என்று எழுதக் கூடாது. யு.பி.ஐ.யில் பணம் வந்து விழுகிறது. இவர் ‘ரிலீஸ்’ அழுத்துகிறார். காயின் போய்விட்டது; கணக்கில் பணம் இருக்கிறது; எல்லாம் சுபம்.

நான்கு நாள் கழித்து டீக்கடையில் ஸ்கேன் பண்ணினால் பேமென்ட் போகவில்லை. வங்கிக்குப் போனால் கணக்கு ஃப்ரீஸ் ஆகியிருக்கிறது. கவுன்டரில் ஒரு புகார் எண்ணை எழுதித் தருகிறார்கள். வேறு ஏதோ ஒரு மாநிலத்தின் சைபர் கிரைம் போலீஸ் போட்ட முடக்கம் அது. நடந்தது இதுதான்: எங்கோ ஒரு முதியவரை ‘டிஜிட்டல் கைது’ என்று மிரட்டிப் பறித்த பணம், வாடகைக்கு எடுத்த இரண்டு மூன்று கணக்குகள் வழியே உருண்டு, கடைசியில் இவரிடம் காயின் வாங்கப் பயன்பட்டிருக்கிறது. திருடன் காயினோடு போய்விட்டான். திருட்டுப் பணம் வந்து நின்ற கணக்கு இவருடையது.

இவர் திருடனும் அல்ல, ஏமாற்றியவரும் அல்ல. ஆனால் அதை நிரூபிக்க வேண்டியவர் இவர்தான். தெரியாத மொழியில் பேசும் ஸ்டேஷனுக்கு மெயில் போட வேண்டும், ஆப்பின் ஸ்க்ரீன்ஷாட்டை அனுப்ப வேண்டும், தேவைப்பட்டால் வக்கீல் வைக்க வேண்டும். அதே கணக்கில்தான் கடையின் தினசரி வசூல் விழுகிறது, லோன் தவணை போகிறது, பிள்ளையின் ஸ்கூல் ஃபீஸ் போகிறது. எல்லாம் ஒரே நாளில் நின்றுபோகும்.

வாடகைக் கணக்கு இதைவிடக் கொடுமை. சில ஆயிரங்களுக்கு ஆசைப்பட்டு ஏ.டி.எம். கார்டையும் சிம்மையும் சேர்த்துக் கொடுத்துவிடுகிற கல்லூரிப் பையன், தான் செய்வது பணமோசடிக் குற்றத்துக்குத் துணை போவது என்றே அறியாமல் மாட்டிக்கொள்கிறான். வெளிநாட்டு வேலை என்று நம்பி மியான்மர், கம்போடியாவின் சைபர் மோசடி முகாம்களுக்குப் போய்ச் சிக்கி, மீட்கப்பட்டுத் திரும்பிய தமிழ் இளைஞர்களை 2022 முதல் பார்த்துவருகிறோம். அந்த முகாம்களில் சுருட்டப்படும் பணம் எல்லை தாண்டப் பயன்படும் முக்கியமான வண்டிகளில் ஒன்று கிரிப்டோ. அந்தக் காலத்து உண்டியல் வியாபாரத்துக்கு ஊருக்கு ஊர் நம்பகமான ஆள் வேண்டும். இதற்கு ஒரு க்யூ.ஆர். கோடு போதும்.

அடைத்த பாதையைச் சுற்றிக்கொண்டு ஓடும் பணத்தின் விலை இது. அந்த விலையைக் கொடுப்பது, பெரிய முதலீட்டாளர்களைவிட அதிகமாக, சின்னமனூரிலும் ஆண்டிபட்டியிலும் இருக்கும் ஒற்றை வங்கிக் கணக்குக் குடும்பங்கள்.

ரிசர்வ் வங்கியின் பயம் பொய்யல்ல

இவ்வளவும் சொல்வதால் ரிசர்வ் வங்கி வீணாக மிரட்டுகிறது என்று அர்த்தமில்லை. 2022 பிப்ரவரியில், துணை ஆளுநராக இருந்த டி.ரபி சங்கர், தடை செய்வதே இந்தியாவுக்கு உசிதம் என்று வெளிப்படையாகப் பேசினார். ஆளுநராக இருந்த சக்திகாந்த தாஸ், இவற்றுக்குப் பின்னால் எந்த அடிப்படைச் சொத்தும் இல்லை என்று எச்சரித்தார். அதற்குப் பிறகு நடந்ததை நாடு பார்த்தது. 2021 நவம்பரில் 69,000 டாலரை நெருங்கிய பிட்காயின், ஓராண்டில் 16,000 டாலருக்கு வந்தது. ‘எஃப்.டி.எக்ஸ்’ என்ற மிகப் பெரிய எக்ஸ்சேஞ்ச் சில நாள்களில் சரிந்தது. பிறகு விலை ஏறி, 2025 அக்டோபரில் 1,20,000 டாலரையும் தாண்டியது. ஏறியபோது உள்ளே இருந்தவர்கள் எத்தனை பேர், இறங்கியபோது விற்றுவிட்டு ஓடியவர்கள் எத்தனை பேர் என்று யார் எண்ணினார்கள்?

ரிசர்வ் வங்கியின் இன்னொரு பயம் இன்னும் ஆழமானது. டாலர் காயின்கள் பெருகி, சம்பளமும் சேமிப்பும் வெளிநாட்டிலிருந்து வரும் பணமும் அதில் புழங்க ஆரம்பித்தால், ரூபாயின் மீதான பிடி தளரும். அன்னியச் செலாவணி எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது என்ற கணக்கே தெரியாமல் போகும். கையில் டாலர் இல்லாமல் 2022-ல் இலங்கை பட்ட பாட்டைக் கண்ணெதிரே பார்த்த நமக்கு, அந்தப் பயம் வெறும் ஏட்டுக் கதை அல்ல.

ஆனால் பயம் நியாயமானது என்பதால் மருந்தும் சரியாகிவிடாது. 2022 ஜூலை 18-ல் மக்களவையில் தொல்.திருமாவளவன் எழுப்பிய கேள்விக்கு நிதி அமைச்சர் எழுத்துபூர்வமாகத் தந்த பதிலிலேயே அது இருக்கிறது. கிரிப்டோவைத் தடை செய்ய வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் கருத்து. ஆனால் அதற்கு எல்லை கிடையாது. ஆகவே பிற நாடுகளின் பெரும் ஒத்துழைப்பு இருந்தால்தான், ஒழுங்குபடுத்தும் சட்டமோ தடைச் சட்டமோ பலன் தரும். கேள்விக்கான விடையை அரசே அன்று சொல்லிவிட்டது.

பெட்டி: மற்ற நாடுகளில்

• சீனா: 2013-ல் வங்கிகளுக்குத் தடை, 2017-ல் எக்ஸ்சேஞ்சுகளுக்குத் தடை, 2021 செப்டம்பர் 24-ல் எல்லாப் பரிவர்த்தனையும் சட்டவிரோதம். ஆனாலும், 2021-ல் பூஜ்யத்துக்குப் போனதாகத் தெரிந்த அதன் பிட்காயின் மைனிங் (புதிய காயின் உருவாக்கும் வேலை) பங்கு, அதே ஆண்டுக்குள் உலக அளவில் ஐந்தில் ஒரு பங்குக்குத் திரும்பியதை கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத் தரவு காட்டியது.
• நைஜீரியா: 2021 பிப்ரவரியில் கிரிப்டோ கணக்குகளை மூட மத்திய வங்கி உத்தரவிட்டது. வியாபாரம் பி2பிக்குப் போனது. 2023 டிசம்பரில் அந்தத் தடையைத் தானே தளர்த்தியது.
• எல் சால்வடோர்: 2021-ல் பிட்காயினைச் சட்டப்படி செல்லும் பணமாக்கியது. மக்கள் பெரிதாகப் பயன்படுத்தவில்லை. பன்னாட்டு நிதியத்தின் கடனுக்காக, 2025-ல் அதை ஏற்றே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தை நீக்கியது.
• பாகிஸ்தான்: 2018-ல் வங்கிகளுக்குத் தடை. 2025-ல் அரசே கிரிப்டோ கவுன்சில் அமைத்தது.
• இந்தியா: ‘செயினாலிசிஸ்’ நிறுவனத்தின் கிரிப்டோ பயன்பாட்டுப் பட்டியலில் 2023, 2024, 2025 மூன்று ஆண்டும் முதலிடம்.

திருட்டுப் போனால் யார் பொறுப்பு?

2024 ஜூலை 18-ல் ‘வாசிர்எக்ஸ்’ எக்ஸ்சேஞ்சிலிருந்து 23 கோடி டாலருக்கு மேல், ஏறக்குறைய 2,000 கோடி ரூபாய் மதிப்புள்ள காயின்கள் திருடு போயின. நாடு முழுக்கப் பயனாளர்களின் கணக்குகள் முடக்கப்பட்டன. நஷ்டத்தை எப்படிப் பங்கிடுவது என்ற வழக்கு சிங்கப்பூர் நீதிமன்றத்தில் நடந்தது. உசிலம்பட்டியிலோ உத்தமபாளையத்திலோ இருந்துகொண்டு போனில் முதலீடு செய்தவர், தன் காசு ஏன் சிங்கப்பூரில் வழக்காகிறது என்று தெரியாமல் விழித்தார்.

1,98,516 ரூபாய்க்கு 3,532 எக்ஸ்.ஆர்.பி. காயின் வாங்கியிருந்த சென்னை முதலீட்டாளர் ஒருவர் சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகினார். அவருடைய காயின் திருடு போன வகையைச் சேர்ந்தது அல்ல. ஆனால் அதையும் எடுக்க முடியவில்லை. 2025 அக்டோபர் 25-ல் நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ் தந்த உத்தரவு முக்கியமானது. கிரிப்டோ கையால் தொடக்கூடிய பொருளும் அல்ல, செல்லும் பணமும் அல்ல. ஆனாலும் அது சொத்து, ஒருவருக்காக இன்னொருவர் பொறுப்பில் வைத்திருக்கக்கூடிய சொத்து என்றார் அவர். பணம் சென்னை வங்கிக் கணக்கிலிருந்து போனது. எனவே இங்குள்ள நீதிமன்றம் தலையிட முடியும் என்பதும் அந்த உத்தரவில் உண்டு.

நாடாளுமன்றம் விட்ட இடத்தை நீதிமன்றங்கள் ஒவ்வொரு வழக்காக நிரப்பிக்கொண்டிருக்கின்றன. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றமும், பிட்காயின் வர்த்தகத்தை ஹவாலாவோடு ஒப்பிட்டு, தெளிவான கொள்கை ஏன் இன்னும் வரவில்லை என்று மத்திய அரசைக் கேட்டது.

போடி சொல்லும் வழி

விலை ஆடும் பொருளை என்ன செய்வது என்பதற்குத் தேனி மாவட்டமே ஒரு விடை வைத்திருக்கிறது. 2019 ஆகஸ்டில், எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளத்திலுள்ள புத்தடி ஏலத்தில் ஒரு கிலோ ஏலக்காய் 7,000 ரூபாய் வரை போனது. இரண்டே ஆண்டில் விலை படுத்தது. ஏலக்காயை நம்பிக் கடன் வாங்கியவர்கள், தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்தவர்கள், போடி மெட்டிலும் கம்பம் மெட்டிலும் தினம் ஜீப் ஏறிப் போகும் தொழிலாளர்கள் என எல்லோருக்கும் அந்த அடி விழுந்தது.

அதற்காக ஏலக்காய் வியாபாரத்தைத் தடை செய்யுங்கள் என்று யாரும் கேட்கவில்லை. ஏல நிறுவனத்துக்கும் வியாபாரிக்கும் நறுமணப் பொருள் வாரியத்தின் உரிமம் வேண்டும். அதற்கு 1987 முதல் விதிகள் இருக்கின்றன. போடியிலும் புத்தடியிலும் மின்னணு ஏலம் நடக்கிறது. தட்டில் சாம்பிள் வரும். கையில் எடுத்துப் பார்ப்பார்கள். நிறம், பருமன் பார்த்து விலை வைப்பார்கள். யார் எவ்வளவு கேட்டார் என்பது திரையில் பதிவாகும். விலை ஏறுவதையும் இறங்குவதையும் அரசால் நிறுத்த முடியாது. விற்றவர் யார், வாங்கியவர் யார், பணம் வராவிட்டால் யாரைக் கேட்பது என்பதை மட்டும் சட்டம் உறுதி செய்கிறது.

கிரிப்டோவும் ஏலக்காயும் ஒன்றல்ல. விலை விழுந்தாலும் ஏலக்காய் மூட்டை குடோனில் இருக்கும். காயினுக்கு அந்த ஆறுதலும் இல்லை. ஆகவே கிரிப்டோவுக்கு இன்னும் இறுக்கமான விதிகள் வேண்டும். தடை என்றால் அந்த விதிகளுக்கே இடமில்லாமல் போகும்.

பெட்டி: மாட்டிக்கொள்ளாமல் இருக்க

• மாதாமாதம் இத்தனை சதவிகிதம் உறுதி என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். ஆள் சேர்த்தால் கமிஷன் என்றால், அங்கே காயினே இல்லை என்று வைத்துக்கொள்ளலாம்.
• எக்ஸ்சேஞ்ச், மத்திய நிதி உளவுப் பிரிவில் பதிவு செய்ததா என்று பாருங்கள்.
• முகம் தெரியாதவரோடு பி2பி வேண்டாம். குடும்பச் செலவு நடக்கும் கணக்கை இதற்குப் பயன்படுத்தவே கூடாது.
• வங்கிக் கணக்கையோ சிம்மையோ யாருக்கும் வாடகைக்குத் தராதீர்கள்.
• பணம் பறிபோனால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள். முதல் சில மணி நேரம் மிக முக்கியம்.
• உரிமமின்றி டெபாசிட் திரட்டுவோர் பற்றி ரிசர்வ் வங்கியின் ‘சாசெட்’ தளத்தில் புகார் செய்யலாம்.

இனி என்ன செய்ய வேண்டும்?

ரிசர்வ் வங்கியால் கிரிப்டோவைத் தடை செய்ய முடியுமா? வங்கிப் பாதையை அடைக்க முடியும். புதியவர்களைப் பயமுறுத்தி நிறுத்த முடியும். எக்ஸ்சேஞ்சுகளை நாட்டை விட்டு அனுப்ப முடியும். காயினை ஒழிக்க முடியாது. சீனாவால் முடியாததை, நீதிமன்றமும் தேர்தலும் உள்ள ஒரு நாட்டில் ஒரு சுற்றறிக்கை செய்துவிடாது. 2023-ல் டெல்லி ஜி20 மாநாட்டுக்காகப் பன்னாட்டு நிதியமும் நிதி நிலைத்தன்மை வாரியமும் சேர்ந்து தந்த அறிக்கை, முழுத் தடையை அமல்படுத்துவது செலவு மிகுந்தது, தொழில்நுட்ப ரீதியில் கடினமானது என்றே சொன்னது.

தடையால் முடியாததைப் பதிவும் மேற்பார்வையும் ஓரளவு சாதித்திருக்கின்றன. 2023 டிசம்பரில் ஒன்பது வெளிநாட்டு எக்ஸ்சேஞ்சுகளுக்கு நோட்டீஸ் போனது, ஆப்கள் முடங்கின. அதன் பிறகு உலகின் மிகப் பெரிய எக்ஸ்சேஞ்சான ‘பைனான்ஸ்’ இங்கே பதிவு செய்ய முன்வந்தது. 2024 ஜூனில் அதற்கு 18.82 கோடி ரூபாய் அபராதமும் விழுந்தது. விரட்டியபோது ஒளிந்தவர்கள், கணக்குக் கேட்டபோது வாசலுக்கு வந்தார்கள்.

இந்தப் பாதையில் அரசு அடுத்து எடுத்து வைக்க வேண்டிய அடிகள் தெளிவானவை. நாடாளுமன்றத்தில் ஒரு சட்டம். அதில் பேர் சொல்லி ஒரு கண்காணிப்பாளர். வாடிக்கையாளரின் காயினை எக்ஸ்சேஞ்ச் தன் சொத்தோடு கலக்கக் கூடாது என்ற விதி. திருடு போனால் இழப்பீடு யார் தர வேண்டும் என்ற விதி. நஷ்டத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ளும் நியாயமான வரி. அப்பாவியின் முடங்கிய கணக்கை இத்தனை நாளுக்குள் விடுவிக்க வேண்டும் என்ற கெடு, அதற்குச் சொந்த மாவட்டத்திலேயே ஓர் அதிகாரி. எச்சரிக்கை என்றால் அது தமிழில், ரேஷன் கடையிலும் கூட்டுறவு வங்கியிலும் ஒட்டப்பட வேண்டும்.

கம்பத்திலும் போடியிலும் சேமிப்பு என்பது மிச்சம் மீதி அல்ல. திராட்சைத் தோட்டத்தில் முதுகு வளைத்த கூலி அது. பெண் கல்யாணத்துக்கும் பிள்ளையின் படிப்புக்கும் ஒதுக்கிவைத்த காசு. தென் மாவட்டங்கள் ‘நியோமேக்ஸ்’ போன்ற முதலீட்டு மோசடி வழக்குகளில் ஏற்கெனவே நிறைய அழுதுவிட்டன. அந்தச் சேமிப்பிலிருந்து வரி எடுக்கும் உரிமை அரசுக்கு உண்டென்றால், அதைக் காக்கும் கடமையும் அரசுக்கு உண்டு. கிரிப்டோ நல்லதா கெட்டதா என்ற பட்டிமன்றத்துக்குத் தீர்ப்பு வரும்வரை அந்தக் கடமை காத்திருக்க முடியாது. சட்டத்தை நாடாளுமன்றத்தின் அடுத்த கூட்டத்தொடரிலேயே கொண்டுவாருங்கள்.